வாசிக்காத சீட்டு

1973 ஜூலை 7, சனி

புழுக்கம். மத்தியானம் மேகம் கூடி, மழை வரப்போகிற மாதிரி நாடகம் ஆடிவிட்டு முடிச்சூர் பக்கம் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு முப்பத்தெட்டும் திருத்தியாயிற்று. முக்கோணத்துக்கு மூன்று பக்கம் என்பதைத் தவிர இந்தப் பையன்களுக்கு எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. சிவப்பு மை தீர்ந்தது.

செய்ய வேண்டியவை:
சைக்கிள் பின் சக்கரம் (மறுபடியும்).
மண்ணெண்ணெய்.
நாளை சர்ச்சில் வாசிக்கும் ஜெபச் சீட்டுகளை அடுக்க.
லில்லிக்கு காம்பஸ். பழையது கால் ஆடுகிறது.

சாயங்காலம் லில்லிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த எ. என்னைக் கூப்பிட்டாள். (என் மனைவி எஸ்தருக்கு இந்த நோட்டில் ஒரே எழுத்துதான். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "மீதி மூணு எழுத்தை எங்க தொலைச்சீங்க?" என்றாள்.) இடது காதுக்கு மேலே, பின்னல் மறைக்கிற இடத்தில், நாலணா அகலத்துக்கு முடி இல்லை. கட்டைகட்டையாக நாலைந்து மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு.

"புழுவெட்டு" என்றாள் எ.

"எப்போலேர்ந்தும்மா?" என்று லில்லியைக் கேட்டேன்.

"தெரியலப்பா."

இப்போதெல்லாம் எதற்கும் இதுதான் பதில். சாப்பிட்டாயா? தெரியலப்பா. பத்தாம் வகுப்பு எப்படிப் போகிறது? தெரியலப்பா.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜூன் 18, லில்லிக்கு வயிற்றுவலி, பள்ளி போகவில்லை. ஜூன் 25, தலைவலி, போகவில்லை. ஜூலை 2, வாந்தி. மூன்றும் திங்கட்கிழமை. எழுதியவன் நான்தான். சேர்த்துப் பார்க்கத்தான் இல்லை.

ஜூலை 8, ஞாயிறு

சர்ச்சில் நல்ல கூட்டம். ஒரு மின்விசிறி ஓடவில்லை, அதன் கீழ் பெஞ்சு மட்டும் காலி.

பெட்டியைத் துடைத்து வைத்தேன். பழைய பிஸ்கட் டின், மூடியில் நானே வெட்டிய துளை. ஜெபம் வேண்டுகிறவர்கள் சீட்டு எழுதிப் போடுவார்கள். ஆராதனை நடுவில் சபைச் செயலாளராகிய நான் வாசிப்பேன், சபை ஜெபிக்கும். ஆறு வருஷமாக. பெயர், கஷ்டம், விவரம் மூன்றும் இருக்க வேண்டும் என்பது நான் கொண்டுவந்த விதி. மொட்டைச் சீட்டு வாசிக்கப்பட மாட்டாது. 'ஒரு சகோதரிக்காக' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்தச் சகோதரி என்று யோசித்துக்கொண்டு இருப்பார்களே தவிர ஜெபிக்க மாட்டார்கள். முன்னமே வந்ததை வீட்டில் அடுக்கிவிடுவேன். அன்று காலை விழுந்ததை மேடையிலேயே பிரித்து, பிரித்த கையோடு வாசித்துவிடுவேன். என் குரல் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இன்று: வரன் 3. வேலை 2. மஞ்சள்காமாலை 1. காணாமற்போன பசு 1 (கிடைத்துவிட்டது, ஸ்தோத்திரமும் அதே சீட்டில்).

லில்லி பாட்டுக்குழுவில், முன்வரிசை. பாடினாளா, வாயை மட்டும் அசைத்தாளா, சொல்ல முடியவில்லை.

ஜூலை 9, திங்கள்

திங்கள் என்றதும் நான் காத்திருந்தேன். ஏழரைக்கு வாந்தி. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கிளம்பு" என்று நானே சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். ரயில்வே கேட் தாண்டி, மார்க்கெட் தாண்டி, பள்ளிக்கூடக் கேட் தெரிந்ததும் கேரியரிலிருந்து குதித்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது. கை சில்லிட்டிருக்கிறது. உதடு வெளுத்துவிட்டது. பள்ளி வாசல் வேறு, பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். நான் செய்தது: "எல்லாரும் பாக்கறாங்க லில்லி" என்று சொன்னது. வேறு எதுவும் தோன்றவில்லை.

திரும்ப வீட்டுக்கு. வழியில் பஜார் டாக்டரிடம் காட்டினேன். நாடி, நாக்கு, கண். "படிக்கிற பொண்ணுங்களுக்கு வர்றதுதான் சார். ரத்தம் கம்மி." சத்து டானிக், பூச்சி மருந்து. முடிக்கு? "சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்லுங்க."

வீடு முழுக்க வெங்காய வாசனை. லில்லி கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 11, புதன்

புது காம்பஸ் வாங்கி வந்தேன். அதை வைக்க அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன்.

கோணமானிக்கு அடியில் முடி. சின்னச் சின்னதாகச் சுருட்டி, உருண்டை உருண்டையாக. பதினேழு உருண்டை.

கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நீயேவா புடுங்கற?" பாக்ஸையே பார்த்தாள். "ஏன்?" "தெரியலப்பா." அந்த வார்த்தை வந்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் குறைந்தது. கேட்கிறார்கள்.

லில்லி பாக்ஸை வாங்கி மூடிக்கொண்டு உள்ளே போனாள். எ. என்னோடு பேசவில்லை. ரசம் மட்டும் ஊற்றினாள்.

இருபது வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளிடம் கொஞ்சமாவது பொறுமை காட்டியிருக்கிறேன். அதைக்கூடச் சொந்தப் பெண்ணிடம் காட்டவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 14, சனி

லில்லி இந்த வாரம் ஒரு நாள்கூடப் பள்ளி போகவில்லை. இரண்டு இட்லி வைத்தால் ஒன்றரை திரும்பி வருகிறது.

நாளைய சீட்டுகள் அடுக்கும்போது முடிவெடுத்தேன். எழுதினேன்: 'சபைச் செயலாளர் மகள் லில்லி. நரம்புத் தளர்ச்சி. பள்ளிக்குப் போகப் பயம். தன் தலைமுடியைத் தானே பிடுங்குகிறாள். சபை ஜெபிக்க வேண்டும்.' பெயர், கஷ்டம், விவரம்.

எ. படித்துவிட்டுச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "இது வேணாங்க."

"ஊரார் வீட்டு விஷயத்தை எல்லாம் பேர் போட்டு வாசிக்கிறேன். நம்ம வீட்டுதுன்னா மறைக்கிறதா? அது மாய்மாலம் இல்லையா?"

"அவங்கவங்க அவங்களே எழுதிப் போடறாங்க. இவ எழுதலையே."

குழந்தைக்குப் பெற்றவர்கள்தானே எழுத வேண்டும் என்றேன். எ. சீட்டைக் கொடுத்துவிட்டு, உலர்ந்த துணியை எடுக்கப் போனாள். எனக்கு மனசு லேசாயிற்று. செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்று.

ஜூலை 15, ஞாயிறு

வாசித்தேன்.

கடைசி பெஞ்சுக்கும் கேட்டது.

பாட்டுக்குழு சபையைப் பார்த்தபடி உட்காரும். ஆகவே சபை முழுவதும் அவளைப் பார்த்தது. 'தலைமுடியை' என்ற இடத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன். லில்லி பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் தலைகீழ். எழுந்து ஓடவில்லை. அடுத்த பாட்டுக்கு மற்றவர்களோடு எழுந்து நின்றாள். பாட்டு முடிந்து அத்தனை பேரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்துப் பெண் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தது.

வெளியே வந்ததும் பெண்கள் ஐக்கியத்து மிசஸ் ஜெபமணி அவள் பின்னலைத் தூக்கி, "எங்கம்மா, காட்டு" என்றார். அன்பாகத்தான். இன்னும் மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் அன்பாகத்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லில்லி எங்களுக்குப் பத்தடி பின்னால். நான் நின்றால் அவளும் நின்றாள்.

ஜூலை 17, செவ்வாய்

இரண்டு நாளில் வந்து போனவர்கள் சொன்னது:

மிசஸ் ஜெபமணி: வெங்காயத்தோடு தேன் சேர்க்க வேண்டும்.
பாட்டுக்குழுத் தலைவர்: கொஞ்ச நாள் பாட வேண்டாம், ஓய்வெடுக்கட்டும். (நீக்கிவிட்டார் என்று அர்த்தம்.)
ஓய்வுபெற்ற தாசில்தார்: பதினெட்டு முடிந்ததும் கட்டிக் கொடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.
எதிர்வீட்டு அம்மாள்: கண் பட்டிருக்கும். "நம்ம ஜனங்க அதை நம்பக்கூடாதுதான், இருந்தாலும்..."
இன்னொருவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி: "கீழ்ப்பாக்கத்துல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார் சார்."

எல்லோருக்கும் எ. காப்பி போட்டாள். லில்லி பின்னறையில். கதவு சாத்தியிருந்தது, ஆனால் இந்த வீட்டுக் கதவு எதை மறைக்கும்? அவ்வளவும் காதில் விழுந்திருக்கும்.

என்னோடு பேச்சு நின்றுவிட்டது. 'தெரியலப்பா'கூட இல்லை. எ.யிடம் காலையில் ஒன்று சொல்லியிருக்கிறாள். எ. அடுப்படியில் நின்று என்னிடம் சொன்னாள், சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது: "காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்மா, அப்படிங்கறா."

 

ஜூலை 18, புதன்

விடுப்பு எடுத்தேன். எ.யும் தான் வேலை பார்க்கும் ஆரம்பப் பள்ளிக்குப் போகவில்லை. மாற்றி மாற்றி லில்லியின் அறைப் பக்கமே நடந்துகொண்டிருந்தோம். அவளுக்கு அது சிறையாக இருந்திருக்கும்.

பதினொரு மணிக்கு மீன்காரி அஞ்சலை. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து பஸ் மாறி வருகிறவள். லில்லி பிறந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு அவள்தான். கூடையை இறக்கியதும், "இன்னாம்மா, பாப்பா ஸ்கூலுக்குப் போலியா? வூட்ல கீது?" என்றாள். எ. அழுதுவிட்டாள். சர்ச் ஆட்களிடம் அழாதவள்.

அஞ்சலை சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எம் பெரிய பொண்ணு அப்டித்தாம்மா இருந்துச்சு. அவுங்கப்பன கடலு எட்துகினு போச்சா, அப்பால ஆறு மாசம் வாயே தொறக்கல. மந்திரிங்கறான், வேப்பெல அடிங்கறான், ஒரே பேஜாரு. நான் ஒண்ணியும் பண்ல. மீனு வித்துட்டு வந்து அது பக்கத்துல குந்திகினு இருப்பேன். இன்னா ஏதுன்னு கேக்க மாட்டேன். ஒரு நாளு அதுவா கேட்டுச்சு, இன்னிக்கு இன்னா மீனும்மான்னு."

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா, சங்கரா மீனுன்னேன்."

நெத்திலி வாங்கினோம். கிளம்பும்போது அஞ்சலை பின்னறைப் பக்கம் பார்த்து, "பாப்பா, நான் போயிட்டு வரட்டா?" என்று சத்தமாகக் கேட்டாள். உள்ளேயிருந்து, "சரிக்கா" என்று ஒரு குரல். மூன்று நாளில் நான் கேட்ட முதல் குரல் அது, எனக்கு வந்ததில்லை என்றாலும்.

ஜூலை 20, வெள்ளி

காலை 8.05 மின்சார ரயிலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. லில்லிக்கு ஜன்னல் சீட்டு. போவதற்கு முன் எ. அவளிடம் கேட்டாள், "ஒரு டாக்டரம்மாகிட்ட பேசிப் பார்க்கறியா? வேணாம்னா வேணாம்." லில்லி தலையசைத்தாள்.

மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் என்னைப்போல இன்னும் நான்கு அப்பாக்கள். ஒருவரும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சுவரில் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா ஐம்பது வயது இருக்கும். முதலில் லில்லியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நாற்பது நிமிஷம். பிறகு எங்களை.

"புழுவெட்டுன்னா அந்த இடம் வழவழன்னு இருக்கும் சார். இது அப்படி இல்ல. அவளே பிடுங்கறா. பாதி நேரம் பிடுங்கறது அவளுக்கே தெரியாது. உள்ள இருக்கிற பயத்துக்கு கை ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு, அவ்வளவுதான். திட்டினா நிக்காது, கூடும்."

"இதுக்கு என்ன காரணம் டாக்டர்?"

"நீங்க கணக்கு வாத்தியாரா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரே ஒரு காரணம் கேக்கறீங்களே." சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார், "பல காரணம் இருக்கும். ஒண்ணும் இல்லாமலும் வரும். பொண்ணு நடிக்கல, சோம்பேறி இல்ல, பைத்தியமும் இல்ல. அவஸ்தைப்படறா."

உள்ளே என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அவ சொன்னது அவளோடது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உங்ககிட்ட சொல்வேன்னு அவகிட்டயே சொல்லியிருக்கேன். எழுந்திருக்காம போயிடணும்னு தோணுதுன்னு அம்மாகிட்ட சொன்னாளே, அது பெரிய விஷயம். சொன்னதே நல்லது. நீங்களும் நேராவே கேளுங்க. கேட்டா ஞாபகப்படுத்தினாப்பல ஆயிடும்னு பயப்படாதீங்க. இப்போதைக்குத் தனியா விடாதீங்க. அதுக்காகக் காவலும் காக்காதீங்க."

மாத்திரை கொஞ்சம். வாராவாரம் வரவேண்டும். முடி வளர மாதக்கணக்கு ஆகும். பள்ளிக்கு ஒரேயடியாக இழுத்துப் போகக் கூடாது. வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டு பழகியபின் அடுத்தது. இது எனக்குப் புரிந்தது. பெரிய கணக்கை அப்படித்தானே போடுவோம்.

'அவ சொன்னது அவளோடது.' ரயிலில் தாம்பரம் வரை இதுவே ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 21, சனி

லேசான தூறல். நாளைக்கு வாசிக்கச் சீட்டு அடுக்க உட்கார்ந்தேன், முடியவில்லை.

பின்னறை வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. பத்து நிமிஷம் சும்மா. அஞ்சலை வைத்தியம்.

பிறகு சொன்னேன், "லில்லி, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்மா."

அப்புறம் வந்தது, அத்தனையும் சேர்ந்து: "எல்லாரும் என் தலையத்தான் பாக்கறாங்கப்பா. கடைக்காரர்கூட. ஜெபம் பண்ணணும்னா வீட்டிலேயே பண்ணியிருக்கலாம்ல? வாசிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கலையோ என்னவோ."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் உண்மை என்று தெரிந்தது.

டாக்டர் சொன்னபடி நேராகக் கேட்டேன்: "செத்துப் போகணும்னு இப்பவும் தோணுதா?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவை. "ஞாயித்துக்கிழமை ரொம்பத் தோணிச்சு. இப்ப கொஞ்சம் கம்மி." "தோணும்போது சொல்றியா? எனக்கு வேணாம், அம்மாகிட்ட." "ம்."

அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்தேன். இரண்டு குடம் போதும். ஆறு இறைத்தேன்.

ஜூலை 22, ஞாயிறு

ஆராதனைக்கு முன் போதகர் ஐயாவிடம் போனேன். இனிமேல் சீட்டில் பெயர் வேண்டாம் என்று அறிவிக்க வேண்டும் என்றேன். "நீங்க போட்ட ரூல்தானே அது?" என்றார். "அதனாலதான் நானே எடுக்கணும் ஐயா." யோசித்தார். "அப்ப நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். "பெயர் எழுத வேண்டியதில்லை. இன்னொருவரைப் பற்றி எழுதுவதானால் அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். போன வாரம் நான் கேட்காமல் வாசித்தேன். அது தவறு." குரல் கடைசி பெஞ்சு வரை போயிருக்காது. பரவாயில்லை. தாசில்தார் இருமினார். மிசஸ் ஜெபமணி கைக்குட்டையைத் தேடினார்.

லில்லியும் எ.யும் வீட்டில். சொன்னேனா என்று லில்லி கேட்கவில்லை. எ. சொல்லியிருப்பாள்.

ஜூலை 26, வியாழன்

வழியை ஐந்து துண்டாகப் பிரித்திருக்கிறோம். சாயங்காலம், பள்ளிக் கூட்டம் கலைந்த பிறகு:

1. தெருமுனை மளிகைக்கடை
2. ரயில்வே கேட்
3. மார்க்கெட்
4. பள்ளி மதில் மூலை
5. பள்ளிக் கேட்

செவ்வாய், புதன் முதல் துண்டு. இன்று இரண்டாவது. கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. அந்தச் சத்தத்தில் லில்லி ஏதோ சொன்னாள். வண்டி போன பிறகு "என்னம்மா?" என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவளே சொன்னாள். "நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே இருக்கறதுதாம்பா கஷ்டமா இருந்துச்சு. வாத்தியார் பொண்ணு, செயலாளர் பொண்ணு."

ஜூன் மாதத் தேர்வில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியிருக்கிறாள். ஒளித்து வைத்திருக்கிறாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் 'கணக்கு வாத்தியார் பொண்ணா இது' என்று ஒரு டீச்சர் கேட்டாராம். எனக்குக் கோபம் வந்தது. அதே வாக்கியத்தை நான் எத்தனை பையன்களிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

கை அவ்வப்போது காதுப் பக்கம் போகிறது. நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். எ. ஒரு உல்லன் நூல்கண்டைக் கையில் கொடுத்திருக்கிறாள், விரலுக்கு ஏதாவது வேண்டுமே என்று.

ஜூலை 29, ஞாயிறு

பெட்டியில் இருபத்தாறு சீட்டு. ஆறு வருஷத்தில் இத்தனை வந்ததில்லை. ஒன்றிலும் பெயர் இல்லை.

'என் மகன் ஆறு மாதமாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.'
'பரீட்சை நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது.' (பென்சில். சின்னக் கையெழுத்து.)
'எனக்கு அழுகை வருகிறது. காரணம் இல்லை.'
'என் மகளை அடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.'

கடைசிச் சீட்டின் கையெழுத்து எனக்குத் தெரியும். சபைக் கணக்குப் புத்தகத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் சரியாகும் என்று எனக்குச் சொன்னவர். அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பாமல், கூரையைப் பார்த்து வாசித்தேன். எந்தச் சகோதரர் என்று யாரும் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவரவர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆறு வருஷம் நான் பிடித்த பிடி முழுத் தப்பு.

லில்லி வந்திருந்தாள். பாட்டுக்குழுவில் இல்லை. அம்மாவோடு, ஓடாத மின்விசிறியின் கீழே.

ஆகஸ்ட் 2, வியாழன்

நேற்று மூன்றாம் துண்டு நன்றாகப் போயிற்று. இன்று நான்காவது. மதில் மூலையில் மூச்சு வாங்கியது. கை சில்லிட்டது. "திரும்பிடலாமா?" என்றேன். "கொஞ்ச நேரம் நிக்கலாம்பா." நின்றோம். சுண்டல்காரன் எங்களை இரண்டு தடவை சுற்றினான். பத்து நிமிஷத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அப்புறம்தான் திரும்பினோம். வழியில் சுண்டல் சாப்பிட்டாள், முழுப் பொட்டலமும்.

தலைமையாசிரியையைப் பார்த்துவிட்டு வந்தாள் எ. முதலில் அரை நாள் வந்தால் போதுமாம். பெஞ்சு, வாசல் பக்கம் கொடுப்பார்களாம். என்ன உடம்பு என்று வகுப்பில் சொல்லப்போவதில்லை. போவதற்கு முன், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று லில்லியிடம் கேட்டுக்கொண்டுதான் போனாள்.

டாக்டரிடம் நாளை மூன்றாவது தடவை. சைக்கிள் பின் சக்கரம் இன்னும் அப்படியே.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

நல்ல காற்று. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன.

இன்று காலை விழுந்த சீட்டுகள் ஒன்பது. மேடையில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வேலை. வேலை. முழங்கால் வலி. அடுத்ததை வழக்கம்போல் பிரித்த கையோடு வாசிக்க வாயைத் திறந்துவிட்டேன். கோடு போட்ட நோட்டுத் தாள். பழைய விதிப்படி பெயரெல்லாம் இருந்தது.

'அப்பா, இதை வாசிக்க வேண்டாம். நாளைக்கு ஸ்கூலுக்குப் போய்ப் பார்க்கிறேன். கேட் வரைக்கும் நீங்க வாங்க. லில்லி.'

திறந்த வாயை மூடினேன். சபை காத்துக்கொண்டிருந்தது. காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்தேன். அடுத்த சீட்டை எடுத்து வாசித்தேன். பேரக்குழந்தைக்குப் பல் முளைக்கவில்லை.

லில்லி இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

ஆகஸ்ட் 6, திங்கள்

வெயில். காலையிலேயே சுள்ளென்று.

என் பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை. விவரம் கேட்டார்கள். சொல்லவில்லை.

ஏழரைக்கு லில்லிக்கு வயிற்றைப் பிரட்டியது. வாந்தி இல்லை. அரை இட்லி. பின்னலை எ. சற்று இடப்பக்கம் தழைத்துப் பின்னினாள். அந்த இடத்தில் இன்னும் முடி இல்லை. தொட்டால் முள்முள்ளாகக் கொஞ்சம் தெரிகிறதாம், லில்லியே சொன்னாள்.

நடந்தே போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ். வேகன் நாற்பத்திரண்டு. அவள் நாற்பத்தொன்று என்கிறாள். மார்க்கெட். மதில் மூலையில் நின்றோம், ஏழெட்டு நிமிஷம். பிறகு கேட். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், முதல் மணி அடித்துவிட்டது. உல்லன் நூலை என் கையில் கொடுத்தாள். திரும்பவும் வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போவதற்கு முன் ஒன்று சொன்னாள். அதை இந்த நோட்டில் எழுதலாமா என்று அவளைக் கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.